நாலு ஜாக்கியும் ஒரே கையில்: முந்நூத்தி நாலில் அபூர்வக் கைகளைக் கணக்கிடுவது எப்படி?

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து முந்நூத்தி நாலு ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். சித்தப்பா தன் எட்டுச் சீட்டையும் விசிறி மாதிரி விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கேள்வியை, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கிற ஏலத்தை, ஏற்றிக்கொண்டே போனார். ஆட்டம் முடிந்ததும்தான் விஷயம் தெரிந்தது. நாலு ஜாக்கியும் அவர் கையிலேயே இருந்திருக்கின்றன.

"டேய், நீதான் கணக்குப் படிச்சவனாச்சே. இதுக்கு என்னடா சான்ஸ்? கோடியில ஒண்ணு இருக்குமா?"

பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 514-இல் ஒன்று. சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார்.

அந்த "அவ்வளவுதானா"வுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. ஒரு கை எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை வகைகளில் அது வரலாம்? யாருக்கு, எத்தனை ஆட்டத்தில் வந்தால் கணக்கில் சேர்ப்போம்? சீட்டைக் கலைத்தது யார், எப்படி? முதல் கேள்விக்குப் பள்ளிக்கூடத்திலேயே வழி சொல்லித் தந்துவிட்டார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

சீட்டுக்கட்டிலிருந்து 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் மிச்சம் 32 சீட்டு; ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று இனத்துக்கு எட்டு. ஜாக்கிதான் பெரிய சீட்டு, 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் கிடையாது. ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நாலுக்கும் சேர்த்து 304. பெயர் வந்தது அப்படித்தான். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்துக் கேட்டு, துருப்பை (மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தின் சீட்டை) கவிழ்த்து வைத்தபின் இன்னொரு நாலு. யாழ்ப்பாணப் பக்கம் ஒரு மாதிரி, தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வேறு மாதிரி என்று விதிகள் மாறும். கீழே வரும் கணக்குகளுக்கு 32 சீட்டு, ஆளுக்கு 8 என்பது போதும்.

படி 1: மொத்தம் எத்தனை கைகள்?

32 சீட்டிலிருந்து 8 சீட்டை எத்தனை விதமாகப் பொறுக்கலாம்? எந்த வரிசையில் வந்தது என்பது முக்கியமில்லை, எவை எவை வந்தன என்பதுதான் முக்கியம். ஆகவே இது சேர்மானக் கணக்கு.

32 × 31 × 30 × 29 × 28 × 27 × 26 × 25 என்று எட்டு எண்களைப் பெருக்கினால் 42,409 கோடியே 78 லட்சத்து 56 ஆயிரம் வரும். ஒரே எட்டுச் சீட்டு வெவ்வேறு வரிசையில் வந்ததையெல்லாம் இது தனித்தனியாக எண்ணிவிட்டது. அதைச் சரிசெய்ய 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 40,320-ஆல் வகுக்க வேண்டும்.

விடை 1,05,18,300. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை கூடவே வரும். கையால் பெருக்கப் பொறுமை இல்லையென்றால் எக்செலில் 'காம்பின்' என்ற சூத்திரம் ஒரு நொடியில் போட்டுக் கொடுக்கும்.

எந்தக் குறிப்பிட்ட கையை எடுத்தாலும் அது வர வாய்ப்பு 1,05,18,300-இல் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நேற்று உங்களுக்கு வந்த உப்புச்சப்பில்லாத கை இருக்கிறதே, ஏழும் எட்டும் ராணியுமாக, அதே எட்டுச் சீட்டு திரும்ப வருவதும் அத்தனை அபூர்வம்தான். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, அதனால் யாரும் வியக்கவில்லை. நாம் பேர் வைத்திருக்கிற கைகளின் கூட்டம் எவ்வளவு சிறியது என்பதைத்தான் உண்மையில் அளக்கப்போகிறோம்.

படி 2: நாலு ஜாக்கி

நாலு ஜாக்கியும் கையில் இருந்தாக வேண்டும். மிச்சம் நாலு சீட்டு, மீதி 28-இலிருந்து எதுவாகவும் இருக்கலாம். 28-இலிருந்து 4 பொறுக்கும் வழிகள் 20,475. இதால் 1,05,18,300-ஐ வகுத்தால் 513.7.

இதே விடைக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. சீட்டைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். மொத்தம் 32 இடம், அதில் 8 உங்களுடையது. முதல் ஜாக்கி உங்கள் இடத்தில் விழ 8/32. அது விழுந்துவிட்டால் மிச்சம் 31 இடம், அதில் உங்களுடையது 7. ஆக இரண்டாவதற்கு 7/31, மூன்றாவதற்கு 6/30, நாலாவதற்கு 5/29. பெருக்கினால் 1,680 ÷ 8,63,040. அதே 514-இல் ஒன்று.

இங்கே வழக்கமாக நடக்கிற தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நாலு பேர், ஒரு ஜாக்கி எனக்கு வர கால் வாய்ப்பு, நாலுக்கும் கால் × கால் × கால் × கால், 256-இல் ஒன்று" என்பார்கள். விடை இரண்டு மடங்கு பிசகிப்போகிறது. ஒரு ஜாக்கி வந்து உட்கார்ந்ததும் உங்கள் கையில் ஓர் இடம் குறைந்துவிடுகிறது, அடுத்ததற்கு வாய்ப்பும் குறைகிறது. சீட்டாட்டத்தில் எதுவும் எதையும் சாராமல் வருவதில்லை.

இன்னொன்று. ஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து என்ற நாலும் உங்களுக்கு வர வாய்ப்பு என்ன? கணக்கே போட வேண்டாம், அதுவும் 514-இல் ஒன்று. எந்த நாலு சீட்டைப் பேர் சொல்லிக் கேட்டாலும் இதேதான். அவற்றின் மதிப்பு நம் தலையில் இருக்கிறதே தவிர அட்டைக்குத் தெரியாது.

படி 3: யாருக்கு? எத்தனை ஆட்டத்தில்?

514 என்பது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரே ஓர் ஆட்டத்தில். ஆனால் அன்றைக்கு நாலு ஜாக்கி எனக்கு வந்திருந்தாலும் இதே கதையைத்தான் சொல்லியிருப்போம். எனவே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரையும் சேர்க்க வேண்டும். நாலு ஜாக்கி ஒரே சமயத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. அதனால் நேராக நாலால் பெருக்கலாம். 128-இல் ஒன்று.

அன்றிரவு ஒரு முப்பது ஆட்டம் போட்டிருப்போம். முப்பதிலும் யாருக்குமே வராமல் போக வாய்ப்பு என்ன என்று முதலில் கேட்பது சுலபம். ஓர் ஆட்டத்தில் வராமலிருக்க 0.9922. அதை முப்பது தடவை தன்னாலேயே பெருக்கினால் சுமார் 0.79. மிச்சம் 21 சதவீதம்.

அதாவது ஐந்து ராத்திரி ஆடினால் ஏறக்குறைய ஒரு ராத்திரி யாரோ ஒருவர் கையில் நாலு ஜாக்கி வரும். சித்தப்பாவுக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஒரு வேடிக்கை: "ஓர் இரவில் ஒரு தடவையாவது" என்ற கேள்விக்கு முப்பதை வாய்ப்போடு பெருக்கினால் 23 சதவீதம் வருகிறது, சரியான விடை 21. இங்கே பெரிய மோசமில்லை. ஆனால் இருநூறு ஆட்டத்துக்கு இதே மாதிரி பெருக்கினால் 150 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கும். எண்ணிக்கை கூடக்கூட, "வராமலிருக்க" என்ற பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு எப்போது என்றால், 89 ஆட்டத்தில்.

படி 4: கையின் அமைப்பு

அபூர்வம் புள்ளியில் மட்டுமா இருக்கிறது? ஓர் இனம் நீளமாக வருவதும் இன்னோர் இனம் அறவே இல்லாமல் போவதும்தான் ஆட்டத்தையே திருப்புகிறது. ஓர் அமைப்பை எண்ணுவது எப்படி என்று 3-2-2-1 (ஓர் இனத்தில் மூன்று, இரண்டு இனங்களில் இரண்டிரண்டு, மிச்ச இனத்தில் ஒன்று) என்பதை வைத்துக் காட்டுகிறேன்.

எட்டிலிருந்து 3 பொறுக்க 56 வழி. 2 பொறுக்க 28, இன்னொரு 2-க்கும் 28. ஒன்றைப் பொறுக்க 8. நாலையும் பெருக்கினால் 3,51,232. எந்த இனத்தில் மூன்று, எந்த இனத்தில் ஒன்று என்பது 12 விதமாக மாறலாம். 12-ஆல் பெருக்கினால் 42,14,784. மொத்தக் கையில் இது 40 சதவீதம். பத்துக் கை பார்த்தால் நாலு இப்படித்தான் இருக்கும்.

இதே மாதிரி எல்லா அமைப்பையும் போட்டுப் பார்த்தேன். கூட்டினால் சரியாக 1,05,18,300 வரவேண்டும், வந்தது. முக்கியமானவை:

2-2-2-2: 5.8 சதவீதம்
4-2-1-1: 14.3 சதவீதம்
4-4-0-0: 358-இல் ஒன்று
ஓர் இனத்தில் ஐந்தோ அதற்கு மேலோ: 4.6 சதவீதம், கிட்டத்தட்ட 22-இல் ஒன்று
ஓர் இனத்தில் ஆறோ அதற்கு மேலோ: 332-இல் ஒன்று
7-1: 13,696-இல் ஒன்று
எட்டும் ஒரே இனம்: 26,29,575-இல் ஒன்று

எல்லா இனத்திலும் இரண்டிரண்டு என்று சமமாக வரும் கைதான் சாதாரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பதினேழில் ஒன்றுதான். கடைசி வரிக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், தினமும் முப்பது ஆட்டம், ஒரு நாள் விடாமல் ஆடினால் சராசரியாக 240 வருஷத்துக்கு ஒரு முறை உங்களுக்கு எட்டும் ஒரே இனமாக வரும்.

இனி, ஓர் இனம் கையில் இல்லாமல் போவது. துருப்பால் வெட்டுவதற்கு இதுதானே வேண்டும்? ஸ்பேடு இல்லாமல் போக, எட்டுச் சீட்டும் மீதி 24-இலிருந்து வரவேண்டும்: 7,35,471 வழி, 7 சதவீதம். நாலு இனத்துக்கும் சேர்த்து 28 என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஸ்பேடும் இல்லை, கிளாவரும் இல்லை என்ற கையை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். இரண்டு இனம் மட்டும் உள்ள கைகள் ஒரு ஜோடிக்கு 12,870, ஜோடிகள் ஆறு. 77,220-ஐக் கழிக்க வேண்டும். கழித்ததில் ஒரே இனக் கைகள் தேவைக்கு மேல் அடிபட்டுவிட்டன, அந்த 4-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும். 28,64,668. சதவீதம் 27.2. கூட்டு, கழி, கூட்டு என்ற இந்த முறை கைவந்துவிட்டால் "குறைந்தது ஒன்றாவது" என்று ஆரம்பிக்கிற எந்தக் கேள்வியும் பயமுறுத்தாது.

கையில் ஒரு ஜாக்கியோ ஒன்பதோ கூட இல்லாத வறட்டுக் கைக்கும் அதே 7,35,471-தான், அதே 7 சதவீதம்தான். எட்டு ஸ்பேடை விலக்குவதும், நாலு ஜாக்கி நாலு ஒன்பதை விலக்குவதும் கணக்குக்கு ஒன்றே.

சில செட்டுகளில், முதல் நாலு சீட்டில் 15 புள்ளி தேறாவிட்டால் கலைத்துப் போடச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வார்கள். இது எத்தனை தடவை நடக்கும்? முதல் நாலுச் சீட்டுக்கு மொத்தம் 35,960 வழி. ஜாக்கியோ ஒன்பதோ வந்தால் 15 தாண்டிவிடும். ஏஸும் பத்தும் இல்லாமல் ராஜா, ராணி, எட்டு, ஏழு மட்டுமென்றால் 1,820. ஓர் ஏஸோடு மிச்சம் மூன்றில் 3 புள்ளிக்குள் என்றால் 1,120. ஒரு பத்தோடு 4 புள்ளிக்குள் என்றால் 1,312. கூட்டினால் 4,252, அதாவது 11.8 சதவீதம். எட்டு ஒன்பது கைக்கு ஒரு தடவை. எல்லாருக்கும் இந்த உரிமை கொடுத்தால் ஆட்டம் நகராது. முதலில் கேட்கிறவருக்கு மட்டும் கொடுங்கள் என்பது என் யோசனை.

படி 5: கையில் பாதி தெரிந்தபின்

இதுவரை சீட்டைத் தொடுவதற்கு முந்தின கணக்கு. கேட்கும்போது நாலு சீட்டு கையில் இருக்கிறது, அப்போது வாய்ப்பும் மாறிவிடும்.

முதல் நாலில் இரண்டு ஜாக்கி வந்துவிட்டது. அடுத்த நாலில் இன்னொரு ஜாக்கியாவது வருமா? பார்க்காத சீட்டு 28, அதில் ஜாக்கி 2. நாலுமே ஜாக்கி இல்லாமல் வர 26-இலிருந்து 4 பொறுக்க வேண்டும்: 14,950. இதை 20,475-ஆல் வகுத்தால் 73 சதவீதம். ஆக, வர வாய்ப்பு 27 சதவீதம். அதை நம்பி ஏற்றிக் கேட்காதீர்கள்.

எட்டும் வந்தபின், இரண்டு ஜாக்கியோடு நிற்கிறீர்கள். மிச்ச இரண்டில் ஒன்றாவது கூட்டாளியிடம் இருக்குமா? பார்க்காத சீட்டு 24, கூட்டாளிக்கு 8. இரண்டும் எதிராளிகளின் 16-இல் விழ 120/276. மிச்சம் 56.5 சதவீதம். பாதிக்கு மேல். என் அனுபவத்தில் அளவுக்கு மீறிக் கேட்கிறவர்கள் தங்கள் அடுத்த நாலு சீட்டை நம்புகிறார்கள். நிதானமாகக் கேட்கிறவர்கள் கூட்டாளியை நம்புகிறார்கள். கேட்கும் நேரத்தில் மற்ற மூவரும் என்ன கேட்டார்கள் என்பதும் ஒரு தகவல்தான், அது இந்த எண்களை இன்னும் நகர்த்தும்.

பெரிய சீட்டுக்கட்டில்: யார்பரோ பிரபுவின் பந்தயம்

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் 52 சீட்டு, ஆளுக்கு 13. மொத்தக் கைகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. முறை மாறவில்லை, எண்தான் வீங்கிவிட்டது.

பிரிட்ஜுக்கு மூத்தது விஸ்ட். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்பரோ பிரபு ஒருவர் விஸ்ட் மேஜையில் பந்தயம் வைப்பாராம்: உங்கள் பதின்மூன்று சீட்டிலும் ஒன்பதுக்கு மேல் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒன்றுக்கு ஆயிரம் தருகிறேன் என்று. ஒன்பதும் அதற்குக் கீழும், அதாவது 2 முதல் 9 வரை, 32 சீட்டு. 32-இலிருந்து 13 பொறுக்க 34,73,73,600 வழி. வகுத்தால் 1,828-இல் ஒன்று. அதாவது 1,828 பேர் தலைக்கு ஒரு பவுண்டு கட்டினால் சராசரியாக 1,827 பவுண்டு பிரபுவுக்கு, ஒருவருக்கு ஆயிரம் கொடுத்தால் மிச்சம் 827. ஆயிரம் மடங்கு என்றதும் வாயைப் பிளந்தவர்கள் 1,828 என்ற எண்ணைத் தேடவில்லை. அந்த வறட்டுக் கைக்கு இன்றைக்கும் பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் யார்பரோ என்றுதான் பேர் சொல்கிறார்கள்.

பதின்மூன்றும் ஒரே இனமாக வருவது 15,875 கோடியில் ஒன்று. நாலு பேருக்கும் ஆளுக்கோர் இனம் முழுசாக வருவது என்றால் 28 இலக்க எண்ணில் ஒன்று. பிரபஞ்சம் தோன்றி சுமார் 1,380 கோடி வருஷம். அன்றிலிருந்து 100 கோடி மேஜைகளில் நொடிக்கோர் ஆட்டம் போட்டிருந்தாலும் அந்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்.

ஆனாலும் இப்படி ஓர் ஆட்டம் விழுந்ததாக அவ்வப்போது செய்தி வரும். அது எப்படி?

படி 6: கலைத்தது யார்?

ஒரு புதுக் கட்டை எடுத்து இனவாரியாக அடுக்குங்கள்: ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர். சரிபாதியாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பிசகாமல் கோத்துவிடுங்கள். மேல் பாதி ஸ்பேடு-டைமன், ஸ்பேடு-டைமன் என்று போகும். கீழ்ப் பாதி ஆர்ட்டின்-கிளாவர். மறுபடி சரிபாதியாகப் பிரித்து அதே மாதிரி கோத்தால் ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று கட்டு முழுக்க மாறி மாறி நிற்கும். இப்போது ஆளுக்கு ஒவ்வொன்றாகப் போடுங்கள். நாலு பேருக்கும் நாலு இனம். நடுவில் வெட்டி வைத்தாலும் கெடாது. கை தேர்ந்தவர் இரண்டே தடவை கலைத்தால் முடிகிற காரியம். யாராவது விளையாட்டுக்கு அடுக்கி வைப்பதும் உண்டு.

மேலே போட்ட கணக்கு எல்லாமே, 32 சீட்டும் எந்த வரிசையிலும் இருக்கச் சமவாய்ப்பு என்ற ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பாதியாகப் பிரித்து விளிம்புகளைச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விடுகிற முறையில் 52 சீட்டு நன்றாகக் கலக்க சுமார் ஏழு தடவை வேண்டும் என்று கணித அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயக்கோனிஸும் 1992-இல் கணித்துக் காட்டினார்கள். நம் வீடுகளில் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக எடுத்து மேலே போடுவதுதான் வழக்கம். அதில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் பிரிவதே இல்லை. அதற்குப் பதில் தரையில் பரப்பி இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் அளைந்தால் எவ்வளவோ மேல்.

முந்நூத்தி நாலில் இது இன்னும் மோசம். ஒரு சுற்று முடிந்ததும் நாலு சீட்டையும் சேர்த்து வாரி வைக்கிறோம். இறங்கிய இனத்தையே எல்லாரும் போட வேண்டும் என்பதால் அந்த நாலும் பெரும்பாலும் ஒரே இனம். அடுத்த ஆட்டத்தில் சீட்டுப் போடுவதும் நாலு நாலாக. அரைகுறையாகக் கலைத்த கட்டில் பழைய சுற்றுகள் அப்படியே ஒருவர் கைக்கு வந்து சேரும். நாலு ஸ்பேடு, நாலு கிளாவர். கணக்குப்படி 358-இல் ஒன்று வர வேண்டிய கை, ராத்திரிக்கு இரண்டு தடவை வருகிறதென்றால் அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டு, கலைக்கிறவர் கையைப் பாருங்கள்.

உங்கள் செட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நோட்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உங்கள் கையின் அமைப்பை மட்டும் குறியுங்கள்: 3-2-2-1, 4-2-1-1 என்று. நூறு கை சேர்ந்ததும் ஏதாவது ஓர் இனம் இல்லாத கைகளை எண்ணுங்கள். 27-க்குப் பக்கத்தில், 18-க்கும் 36-க்கும் நடுவே இருந்தால் சரி. நாற்பதைத் தாண்டினால் கலைப்பதில் கோளாறு.

இதை எழுதி முடித்தபிறகு ஒன்று உறைத்தது. ஒரு சுற்றில் ஜாக்கி விழுந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் விழும். ஆக அரைகுறையாகக் கலைத்த கட்டில் நாலு ஜாக்கியும் நாலு வெவ்வேறு கொத்துகளில் கிடக்கும். ஆளுக்கு இரண்டு கொத்து வந்தால் இரண்டு ஜாக்கிக்கு மேல் சேர வழியில்லை. மோசமாகக் கலைத்தால் 4-4 கை கூடும், நாலு ஜாக்கிக் கை குறையும். அன்றைக்கு மண்டபத்து மாடியில் நாங்கள் கலைத்த லட்சணத்துக்கு, சித்தப்பாவின் கை 514-ஐவிட அபூர்வமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கல்யாணத்தில் சமையல்காரர்வரை கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்.